ஏஐ-க்கு கரண்ட் எங்கிருந்து வருது? காற்றாலை, கேஸ், பேட்டரி கூட்டணி வேலை செய்வது எப்படி?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், டல்லாஸ் நகருக்கு மேற்கே சுமார் 290 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊர் அபிலீன். சுற்றுவட்டாரம் முழுக்க காற்றாலைகள். சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'ஸ்டார்கேட்' திட்டத்தில் முதல் டேட்டா சென்டர் வளாகம் இங்கேதான் அமைகிறது. மொத்தம் 8 கட்டடங்கள். திட்டமிட்ட மின்திறன் 1.2 ஜிகாவாட், அதாவது 1,200 மெகாவாட்.

இது எவ்வளவு பெரிய அளவு? கூடங்குளத்தில் இப்போது இயங்கும் அணு உலை ஒன்றின் திறனே 1,000 மெகாவாட்தான். ஓர் உலை முழுத் திறனில் ஓடினாலும் இந்த ஒரு வளாகத்துக்குப் பத்தாது.

இவ்வளவு கரண்ட்டை 24 மணி நேரமும் எப்படிக் கொடுப்பது? தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதலில் கட் ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

டேட்டா சென்டருக்கு ஏன் இவ்வளவு கரண்ட்?

ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான ஜிபியு சிப்கள் ஒரே நேரத்தில், ராத்திரி பகலாக ஓட வேண்டும். அவை இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். அந்தச் சூட்டைத் தணிக்கத் தனியாகக் கரண்ட் வேண்டும்.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-ல் உலக டேட்டா சென்டர்கள் பயன்படுத்திய மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. இது உலக மின் நுகர்வில் சுமார் 1.5 சதவீதம். 2030-ல் இது சுமார் 945 டெராவாட் மணியாக உயரும் என்கிறது அந்த முகமை.

காற்றாலைப் பக்கம் ஏன் போகிறார்கள்?

காரணம் விலை. அமெரிக்காவில் காற்றாலை மின்சாரத்தில் முதலிடம் டெக்சாஸுக்குத்தான். அங்குள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் சுமார் 40,000 மெகாவாட். இவற்றில் பெரும்பகுதி மேற்கு டெக்சாஸில் இருக்கிறது. ஆனால் மக்கள் நெருக்கமாக வாழும் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் எல்லாம் கிழக்கே இருக்கின்றன.

இடையில் உள்ள மின்பாதையில் ஓர் அளவுக்கு மேல் கரண்ட்டை அனுப்ப முடியாது. காற்று பலமாக வீசும் ராத்திரிகளில் மின்சாரம் தேங்கி, மேற்கில் மொத்த விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போயிருக்கிறது. 'கரண்ட்டை ஊருக்குக் கொண்டு போவதற்குப் பதிலாக, கரண்ட் இருக்கும் இடத்துக்கே டேட்டா சென்டரைக் கொண்டு போகலாமே' என்ற யோசனை பிறந்தது இப்படித்தான்.

அப்படின்னா காற்றாலை மட்டும் போதுமா?

போதாது. காற்று நம் இஷ்டத்துக்கு வீசாது. டெக்சாஸில் ஒரு காற்றாலை ஆண்டு முழுக்கத் தரும் சராசரி, அதன் முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். 1,200 மெகாவாட்டை ஆண்டுக் கணக்கில் ஈடுகட்டவே சுமார் 3,600 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் தேவை. 3 மெகாவாட் காற்றாலை என்று வைத்தால், ஆயிரத்துக்கும் மேல் நட வேண்டும். அப்படி நட்டாலும் காற்றே இல்லாத நாளில் சர்வர் நின்றுவிடும்.

பேட்டரி எதற்கு?

பேட்டரிக்கு இரண்டு வேலை. முதல் வேலை, காற்று அதிகமாக வீசும்போது சார்ஜ் ஏற்றிக்கொண்டு, குறையும்போது திருப்பித் தருவது. இரண்டாவது, ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பது. ஏஐ பயிற்சியில் சிப்கள் எல்லாம் ஒரே நொடியில் முழு வேகம் எடுக்கும், ஒரே நொடியில் அடங்கும். இந்தத் திடீர் ஆட்டம் மின் கட்டமைப்பையே பாதிக்கலாம். பேட்டரி கண்ணிமைக்கும் நேரத்தில் அதைச் சரிக்கட்டிவிடும்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மின்கட்டமைப்பில் வைக்கும் பேட்டரிகள் பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் தாங்கும். 1,200 மெகாவாட்டை 4 மணி நேரம் கொடுக்க 4,800 மெகாவாட் மணி சேமிப்பு போதும். ஒரு முழு நாளுக்கு என்றால் 28,800 மெகாவாட் மணி வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

மிச்சத்துக்கு கேஸ்

காற்றும் இல்லை, பேட்டரியும் தீர்ந்தது என்றால் கைகொடுப்பது இயற்கை எரிவாயு. சிறிய வகை கேஸ் டர்பைன்களைச் சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம். அபிலீன் வளாகத்திலும் சுமார் 360 மெகாவாட்டுக்கு கேஸ் மின்நிலையம் திட்டமிடப்பட்டது. இதில் பாதகமும் உண்டு. கரியமில வாயுவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளியேறும். அதோடு, கேஸ் எப்போதும் கைகொடுக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

2021 பிப்ரவரியில் என்ன நடந்தது?

டெக்சாஸைக் கடும் பனிப்புயல் தாக்கியது. கேஸ் கிணறுகளும் குழாய்களும் மின்நிலையக் கருவிகளும் உறைந்தன. எதிர்பாராமல் முடங்கிய மின் உற்பத்தி அலகுகளில் 58 சதவீதம் கேஸில் ஓடுபவை என்கிறது அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை அறிக்கை. காற்றாலைகளின் பங்கு 27 சதவீதம்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. மின்தடை செய்தபோது, கேஸை அனுப்பும் கம்ப்ரசர்கள் சிலவற்றுக்கும் கரண்ட் போனது. கரண்ட் இல்லாததால் கேஸ் இல்லை, கேஸ் இல்லாததால் கரண்ட் இல்லை. டெக்சாஸின் மின்கட்டமைப்பு தனித்து இயங்குவதால் மற்ற மாகாணங்களிலிருந்தும் போதிய மின்சாரம் வாங்க முடியவில்லை.

45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் நிறுவனங்களும் இருளில் மூழ்கின. மொத்தக் கட்டமைப்பும் சரிய 4 நிமிடம் 37 நொடிதான் பாக்கி இருந்தது. மாகாண அரசின் கணக்குப்படி 246 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலானவர்கள் குளிரில் உடல் விறைத்து இறந்தவர்கள்.

இனி யாருக்கு முதலில் கட்?

இந்தக் கேள்விக்குத்தான் 2025 ஜூனில் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பெயர் 'செனட் மசோதா 6'. 75 மெகாவாட் அல்லது அதற்கு மேல் கேட்டுப் புதிதாக இணைப்பு வாங்கும் பெரிய நுகர்வோருக்கு இது பொருந்தும். நெருக்கடியில் ஊருக்கே மின்தடை செய்யும் நிலை வந்தால், இவர்களின் இணைப்பையும் துண்டிக்க வசதி இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

டேட்டா சென்டர்கள் சொந்தமாக பேட்டரியும் கேஸ் டர்பைனும் வைப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். வெளியிலிருந்து வரும் கரண்ட் நின்றாலும் உள்ளே சர்வர் ஓடும். அந்த நேரத்தில் மிச்சமாகும் மின்சாரம், குளிரில் நடுங்கும் வீடுகளுக்குப் போகும்.

காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021-ல் உறைந்ததும் இதே கேஸ் குழாய்கள்தான். அதே மாதிரி ஒரு குளிர் மறுபடி வரும்போதுதான் இந்தக் கூட்டணியின் உண்மையான பலம் தெரியும்.