கையெழுத்து மட்டும் ஒப்பந்தம் ஆகாது



2004-ல் பத்தாவது முடிச்ச கையோட, 16 வயசில் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனேன். சுமங்கலித் திட்டம்னு சொல்வாங்க. மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்த்தா, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமா 30,000 ரூபாய். புரோக்கர் நீட்டின தாளில் அப்பா கைநாட்டு வெச்சார், நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் படிச்சுக் காட்டலை, நகலும் தரலை. இரண்டரை வருசத்தில் மஞ்சள்காமாலை வந்து வீட்டுக்குத் திரும்பிட்டேன். மூணு வருசம் முடிக்கலைன்னு சொல்லி அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தரலை. "கையெழுத்துப் போட்டுட்டமே சாமி, யாரைக் கேக்கறது?"ன்னு அப்பா அடங்கிப் போயிட்டார்.

கூட்டமைப்புப் பயிற்சியில் சட்ட வகுப்பு கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிஞ்சது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கிட்டாத்தான் அது சம்மதம்னு அதோட 13-ஆவது பிரிவு சொல்லுது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்கிற மைனர், வட்டிக்காரரிடம் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு 1903-ல் தீர்ப்பு வந்தது. நான் கையெழுத்துப் போட்டது அதுக்கு 101 வருசம் கழிச்சு! 1948-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இன்னொண்ணும் இருந்தது: அந்தக் கூலிக்குக் குறைவா வாங்கிக்கறேன்னு தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

நம்ம திருப்பூரில் 1984-ல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. பனியன் தொழிலில் சங்கங்களும் முதலாளிகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் கூலி ஒப்பந்தம் போடறாங்க. ஹாஸ்டல் கேட்டுக்குள்ளே எங்களுக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. சட்டம் இருந்தது, சங்கம் இல்லை.

அதனாலதான் எங்க குழுவில் கடன் தீர்மானம் எழுதினா, வட்டி எவ்வளவு, தவணை எத்தனைன்னு ஊக்குநர் சத்தமா வாசிப்பாங்க. "புரியலை, இன்னொருக்கா படிங்க"ன்னு யார் கேட்டாலும் திரும்பப் படிச்சுட்டுத்தான் கையெழுத்து. நேரம் ஆகுதுன்னு நாங்க யாரும் முகம் சுளிக்கறதில்லை.

என் மக இப்போ ஒன்பதாவது படிக்கிறா. எந்தத் தாளா இருந்தாலும் முழுசாப் படி, நகல் வாங்கு, அப்புறம் கையெழுத்துப் போடுன்னு அவளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் உங்க பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.