பானியும் பானையும்

வைகைக்கு வடகரையில் செல்லூர் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குச் செல்லூர் என்றால் கண்மாய் ஞாபகம் வரும். கபடி ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் நான் சிறு பிள்ளையாக வளர்ந்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு சௌராஷ்டிரர் வீடு. அந்த வீட்டுத் திண்ணையிலே நான் பாதி நாள் கிடந்ததால், அவர்கள் பாஷையில் பத்து இருபது வார்த்தை எனக்கும் தெரியும். பானி என்றால் தண்ணீர் என்பது அவற்றில் ஒன்று.

ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்குத் தமிழ் வராது. வீட்டில் பாட்டியோடும் தறியோடும் வளர்ந்த பிள்ளை. ஒரு பங்குனி மாத மத்தியானம் அவனுக்குத் தாகம். எழுந்து நின்று, "பானி" என்றான். வகுப்பின் மூலையில் மண்பானை இருந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிள்ளைக்கு உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். "பானி இல்லேடா, பானை! எங்கே, சொல்லு, பானை!" என்றார். பையன் சொன்னான். "இன்னொரு தரம்!" சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியார் திருப்தியுடன் பாடத்துக்குத் திரும்பினார். பையன் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்துவிட்டான்.

அவன் கேட்டது இன்னதென்று அந்த வகுப்பில் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அன்று முதல் அவனுக்குப் 'பானை' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த வருஷம் முழுவதும் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வாத்தியார் அவனை மந்தம் என்று முடிவு கட்டினார். மறு வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, தறிக்குப் போய்விட்டான்.

வாத்தியார் கெட்டவர் அல்லர். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாஷையின் சரித்திரத்தைப் பிற்பாடு நான் தேடிப் படித்தபோது, இதற்கு ஒரு பரிகாரம் நமது ஊரிலேயே முன்பே யோசிக்கப்பட்டிருந்தது என்று தெரிந்து வருத்தப்பட்டேன்.

சௌராஷ்டிரர்கள் மேற்குக் கடற்கரையின் சௌராஷ்டிர நாட்டிலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் என்று தங்கித் தங்கி, நாயக்கர் காலத்து மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அவர்கள் பேச்சைக் கேட்டாலே வந்த வழி தெரியும். அடிப்படை குஜராத்திக்கு உறவு, மேலே மராத்தி, தெலுங்கு, கன்னடம், கடைசியில் தமிழ். வடநாட்டுப் பாஷைகளில் பெரும்பாலும் இல்லாத குறில் எகரமும் ஒகரமும் அதில் வந்து ஏறிவிட்டன. ஜார்ஜ் கிரியர்சன் தமது மொழியாய்வுத் தொகுதிகளில் இதைக் குஜராத்தியோடு சேர்த்து எழுதினார். 2011ஆம் வருஷத்துக் குடிக்கணக்கில் இதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2,47,000 பேர்.

இந்த மதுரையில் 1852 முதல் 1913 வரை வாழ்ந்தவர் டி.எம். ராமாராய். குழந்தை தன் வீட்டுப் பாஷையில் முதலில் எழுத்தறிய வேண்டும் என்ற விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. சௌராஷ்டிரத்துக்குரிய எழுத்தைச் சீர்ப்படுத்தி, அதில் பால பாடங்கள் எழுதி அச்சிட்டார். 1895இல் சௌராஷ்டிர சபை ஏற்பட்டது. சமூகத்துப் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடங்களும் நடந்தன. ஆயினும் ராமாராயின் எழுத்து வகுப்பறையில் வேரூன்றவில்லை. காரணம் சுலபம். சந்தைக்குத் தமிழ் வேண்டும், உத்தியோகத்துக்கு இங்கிலீஷ் வேண்டும். வீட்டுப் பாஷை வாசலோடு நின்றால் போதும் என்று பெற்றோர்களே நினைத்தார்கள். எழுத வேண்டியவர்கள் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் 2, 3, 4 என்று எண் போட்டு வடநாட்டு ஓசைகளைக் காட்டினார்கள். ராமாராயின் எழுத்துக்குக் கணினியின் ஒருங்குறியில் இடம் கிடைத்தது 2008இல். அவர் காலமாகித் தொண்ணூற்றைந்து வருஷம் கழித்து!

பெற்றோர்கள் நினைத்தது நியாயந்தானே என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் பிள்ளைக்குத் தமிழ் வராமல் முடியுமா? முடியாது. ஆனால் ஒன்றை விட்டால்தான் மற்றது வரும் என்று யார் சொன்னது? நடனகோபால நாயகி சுவாமிகள் இரண்டு பாஷையிலும் பாடினார். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். 'காதுகள்' நாவலுக்காகச் சாகித்ய அகாதெமி 1993இல் பரிசு கொடுத்தது அவருடைய தமிழுக்கு. டி.எம். சௌந்தரராஜனுடைய தமிழ் உச்சரிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையே இல்லை.

படித்தவர்களும் இதைத்தான் சொல்லுகிறார்கள். கனடா தேசத்து ஜிம் கம்மின்ஸ் 1979இல் எழுதினார்: தாய்மொழியில் பிள்ளை பெற்ற அறிவு, இரண்டாவது பாஷைக்குப் போகும்போது கூடவே வரும் என்று. தண்ணீர் என்றால் இன்னது என்று அறிந்த பிள்ளைக்கு இன்னொரு பெயர் மட்டுமே புதிது. 1982இல் நியூஜீலந்தில் மாவோரிப் பாட்டிமார்கள் பாலர் பள்ளிகளில் வந்து உட்கார்ந்தார்கள். அழிந்துகொண்டிருந்த அவர்கள் பாஷையைக் குழந்தைகள் அங்கே பேசக் கற்றுக்கொண்டன. நமது அரசியல் சாசனத்திலும் 1956இல் 350-ஏ என்ற ஷரத்தைச் சேர்த்தார்கள். சிறுபான்மை மொழிக் குழந்தைக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. ஷரத்து வந்தும் எத்தனையோ 'பானை'கள் தாகத்தோடு உட்கார்ந்திருக்கின்றன.

சமீபத்தில் செல்லூர்ப் பக்கம் போயிருந்தேன். தறிச் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. சௌராஷ்டிர வீட்டுக் குழந்தைகள் இப்போது தமிழ் பேசிக்கொண்டேதான் பால்வாடிக்கு வருகின்றன. சில வீடுகளில் பாட்டி பாஷை பாட்டியோடு நின்றுவிட்டது. தெரிந்த ஒருவரைப் பார்க்க ஒரு பால்வாடிக்குள் நுழைந்தேன். அங்கே புதிதாக ஒரு குழந்தை. வேலைக்காக வடக்கே இருந்து வந்த குடும்பத்துப் பெண். மூன்று வயது இருக்கும். அழுதுகொண்டே டீச்சரிடம் ஏதோ கேட்டது. டீச்சருக்குப் புரியவில்லை. பிஸ்கட் கொடுத்துப் பார்த்தாள், பொம்மை கொடுத்துப் பார்த்தாள்.

சமையல் செய்யும் ஆயா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வயதானவள், சௌராஷ்டிரப் பெண்மணி. "பானி கேக்குது டீச்சர். தண்ணி! எங்க பாஷையிலயும் அதேதான்" என்று சொல்லிக்கொண்டே தம்ளரோடு வந்தாள். குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, "பானி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "தண்ணி" என்றாள். குழந்தை இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்து மடமடவென்று குடித்தது. பிறகு தம்ளரை நீட்டி, "தண்ணி" என்றது.

நூறு வருஷத்துக்கு முன்னால் ராமாராய் அச்சுக் கோத்துச் செய்யப் பார்த்த காரியத்தை, அந்த ஆயா ஒரு தம்ளர் தண்ணீரில் செய்துவிட்டாள். நான் ஆறு வயதில் எழுந்து நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு என் பக்கத்திலிருந்த பையன் தண்ணீர் குடித்திருப்பான்.