வானலையில் ஒரு பேரேடு: அமெச்சூர் வானொலிப் போட்டிகளின் வரலாறும் ஒழுக்கமும்

சங்கத்து மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் கல்வெட்டு, செப்பேடு, சோழர் கடற்படை என்று எதிர்பார்ப்பது நம்மவர் வழக்கம். இம்முறை செப்பேட்டை விட்டுச் செப்புக் கம்பிக்கு வருகிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சாந்தினி சௌக் பகீரத் பேலஸில் நாற்பது வருஷமாகக் கம்பி வியாபாரம் செய்கிறவன் நான். மோட்டார் வைண்டிங் செய்கிறவர்கள் கிலோக் கணக்கில் வாங்கிப் போவார்கள். ஆனால் வருஷத்துக்கு நாலைந்து பேர் மட்டும் வந்து, "பதினாலாம் நம்பர் கம்பி, முப்பத்து மூணு அடி, நடுவிலே ஒட்டு இருக்கக் கூடாது" என்று அடிக்கணக்கில் கேட்பார்கள். லாபமில்லாத வாடிக்கை, ஆனால் பேச்சு சுவையானது. இவர்கள்தான் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். சர்க்கார் பரீட்சை எழுதி, உரிமமும் அழைப்புக் குறியும் வாங்கி, சொந்த டிரான்ஸ்மிட்டரில் உலகத்தோடு பேசுகிறவர்கள். அதில் காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. இவர்களில் ஒரு சாரார் போட்டிகளில் இறங்குகிறார்கள். அந்தப் போட்டிக் கணக்கு முறையைக் கேட்கக் கேட்க, வியாபாரியாகிய எனக்கு அது நம் பேரேட்டுக் கதையாகவே பட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் நாட்டில் முதல் அமெச்சூர் உரிமம் பெற்றவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து. ஆண்டு 1921, குறி 2 ஜே.கே. அதே ஆண்டில் முகுல் போஸ் இரண்டாமவராக வந்து சேர்ந்தார். பேச இன்னொருத்தர் வேண்டுமே! 1929-இல் இந்தியாவுக்கு 'வி.யூ.' என்ற முன்னெழுத்து வந்தது, இன்றும் அதுதான். 1930களின் நடுவில்கூட உரிமக்காரர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு, பெரும்பாலும் வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள். 1939-இல் போர் மூண்டதும் கருவிகளைப் போலீசில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒப்படைக்காத கருவிகளும் இருந்தன. 1942 ஆகஸ்டு 27-இல் உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ஒலிக்கவிட்ட காங்கிரஸ் ரேடியோவுக்குப் பின்னால் அமெச்சூர்களின் கைவேலை உண்டு. நவம்பர் 12-இல் அது பிடிபட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1948 மே 15-இல் மோ நகரத்து ராணுவ சிக்னல் பள்ளியில் அகில இந்திய அளவிலான சங்கம் தொடங்கியது. பிறகு அதன் தலைமையகம் நம் தில்லிக்கு மாறி, இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்று பெயர் பெற்றது. உரிமம் தருகிற வயர்லெஸ் பிரிவும் இங்கே அசோகா ரோடு சஞ்சார் பவனில்தான். ராஜீவ் காந்தியே வி.யூ.2 ஆர்.ஜி. என்ற குறியுள்ள ஹாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இனிப் போட்டிக்கு வருவோம். அமெரிக்காவில் 1920களின் இறுதியிலேயே பன்னாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டன. இன்று உலகிலேயே பெரியதென்று மதிக்கப்படுவது 'சிக்யூ' என்ற அமெரிக்க இதழ் 1948-இல் தொடங்கிய உலகப் போட்டி. அந்த இதழ் 2023-இல் நின்ற பிறகும் போட்டி நடந்துவருகிறது. அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் பேச்சு, நவம்பர் கடைசியில் மோர்ஸ். நாற்பத்தெட்டு மணி நேரம், இடைவிடாமல். நம் கடிகாரத்தில் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கி, திங்கள் காலை ஐந்தரைக்கு முடியும்.

ஆட்டம் எளிது. எதிராளியின் குறியைச் சரியாகக் கேட்க வேண்டும். ஓர் எண்ணைக் கொடுத்து ஓர் எண்ணை வாங்க வேண்டும். எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போக வேண்டும். உலகத்தை நாற்பது மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நமக்கு 22. இலங்கையும் 22, ஆகவே தில்லித் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இந்தக் கணக்கில் ஒரே மண்டலத்தார். பாகிஸ்தான் 21. அந்தமான் நம் நாடுதான் என்றாலும் 26. வேறு கண்டத்தோடு பேசினால் மூன்று மதிப்பெண், ஆசியாவுக்குள் வேறு நாட்டோடு ஒன்று. தில்லிக்காரர் சென்னைக்காரரோடு பேசினால் சுழி! ஆனாலும் முதல் முறை பேசும்போது நாட்டுக் கணக்கிலும் மண்டலக் கணக்கிலும் ஒவ்வொன்று கூடும். ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை நாடு, எத்தனை மண்டலம் பிடித்தோம் என்று கூட்டி, அதை மொத்த மதிப்பெண்ணோடு பெருக்குவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கேட்கும் ஒலியின் தரத்தை எண்ணால் சொல்ல வேண்டும் என்பது விதி; மிக நன்று என்றால் 59. போட்டியில் எல்லாருக்கும் எல்லாரும் 59 தான். குறியை ஆறு தடவை திருப்பிக் கேட்டவரும் கடைசியில் "ஐந்து ஒன்பது" என்பார். பொய் பேசாமை என்ற விரதத்தோடு வளர்ந்த எனக்கு இது உறுத்தியது. கரோல் பாகில் இருந்த தமிழ் நண்பர் ஒருவர், மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர், போட்டிப் பைத்தியம், அவரிடம் கேட்டேன். "நயினார் சார், தெருவிலே பார்த்து 'சௌக்கியமா'ன்னு கேட்டா, மூட்டு வலிக்காரனும் 'சௌக்கியம்'னுதானே சொல்றான்? அது மாதிரி" என்றார். முழுக்க ஏற்க முடியவில்லை. ஆனாலும் இரு தரப்புக்கும் தெரிந்த சம்பிரதாயத்தால் யாரும் ஏமாறவில்லை என்பது உண்மை.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் பட்டாளம் கழித்துவிட்ட ரிசீவர்களும், 807 வால்வை வைத்துத் தாமே கட்டிய டிரான்ஸ்மிட்டர்களும்தான். லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வால்வுக்கும் கண்டென்ஸருக்கும் அலைவார்கள். 1980களின் நடுவில் இறக்குமதி வரி தளர்ந்ததும் ஜப்பான் பெட்டிகள் வந்தன. வாங்க முடியாதவர்களுக்கு, ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்ற மலிவுக் கருவி 2000களில் கைகொடுத்தது. உலகம் முழுக்க அதைக் கட்டினார்கள். ஆனால் பெட்டியைவிட ஆன்டெனா முக்கியம். 20 மீட்டர் அலைவரிசைக்கு முப்பத்து மூன்று அடி. 40 மீட்டருக்கு அறுபத்தாறு. டி.டி.ஏ. பிளாட்டில் அறுபத்தாறு அடிக்கு எங்கே போவது? மேல்மாடி பர்சாத்தியில் குடியிருப்பவன் பாக்கியசாலி. அவனுக்கும் குடியிருப்போர் சங்கத்தின் தயவு வேண்டும்.

அடுத்து வாட். உலகப் போட்டியின் மேல் பிரிவில் 1500 வாட் வரை அனுமதி. நம் நாட்டில் உயர்ந்த உரிமத்துக்கே 400 வாட்தான். தில்லியிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், அதுவும் வட துருவத்தை ஒட்டிப் போகிற வழி. அங்கே ஒலி தேய்ந்துவிடும். ஆகவே கூட வைத்துப் பார்க்கும் சபலம் யாருக்கும் வரத்தான் செய்யும். மூடிய அறையில் எத்தனை வாட் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? விதி என்னவோ தெளிவு: போட்டி எவ்வளவு அனுமதித்தாலும் அவரவர் நாட்டு உரிமமே எல்லை.

தீபாவளியையும் சொல்லிவிடுகிறேன். 2016-இலும் 2019-இலும் தீபாவளி இந்தப் போட்டி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. சீரியல் விளக்குகளின் மலிவு அடாப்டர்கள் வானலையில் ஓயாமல் இரைச்சல் கிளப்பும். அந்த விளக்குகளுக்குத் தில்லியின் மொத்த வியாபாரத் தலைநகரமே எங்கள் பகீரத் பேலஸ்தான். ஒரு கடையில் ஆன்டெனாக் கம்பி, பக்கத்துக் கடையில் அதைச் செவிடாக்கும் சரக்கு!

இப்போது பேரேடு. போட்டியில் நடுவர் பக்கத்தில் இருப்பதில்லை. ஆட்டக்காரன் தானே ஆடி, தானே மதிப்பெண் எழுதி அனுப்புகிறான். பழைய நாளில் காகிதத்தில் எழுதி, ஒருவரோடு இருமுறை பேசிவிட்டோமா என்று தனித்தாளில் ஒத்துப்பார்த்து, நேர்மையாக ஆடினேன் என்று கையெழுத்திட்டு விமானத் தபாலில் அனுப்புவார்கள். அத்தனை ஆயிரம் தாளையும் முழுதாக ஒப்பிட எவராலும் முடியாது, பெரும்பாலும் நம்பிக்கைதான். கம்ப்யூட்டர் வந்ததும் நிலைமை மாறியது. நான் உங்களோடு பேசியதாக எழுதினால், அதே நிமிஷத்தில் நீங்களும் என்னோடு பேசியதாக உங்கள் ஏட்டில் இருக்க வேண்டும். நான் 'பி' என்று எழுதி, உங்கள் குறி 'டி' என்றால் அந்தத் தொடர்பு போச்சு. அதோடு இரண்டு மடங்கு அபராதமும் கழியும். ஏட்டை ஐந்து நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். பிறகு அவற்றை யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள்.

வியாபாரிக்கு இது புதிதல்ல. என் ஏட்டில் அவர் பற்று, அவர் ஏட்டில் என் வரவு. வருஷக் கடைசியில் இரண்டையும் ஒத்துப்பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க வானொலிக்காரர்களுக்கு இத்தனை காலம் ஆனதுதான் ஆச்சரியம்.

ஆனால் ஒத்துப்பார்ப்பதில் அகப்படாத தவறுகளும் உண்டு, அங்கேதான் மனுஷன் தெரிகிறான். தனி ஆளாக ஆடுவதாகப் பதிந்துகொண்டு, யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று இணையத்தில் ரகசியமாகப் பார்ப்பது. இடைவேளை விதியை மீறிவிட்டு நேரத்தை மாற்றி எழுதுவது. போட்டி முடிந்த பிறகு பட்டியல்களைப் பார்த்து, சந்தேகமான குறிகளைத் திருத்திக்கொள்வது. என் நண்பருக்கு ஒருமுறை இந்தக் கடைசி யோசனையை யாரோ சொன்னார்கள். ஒரு குறியின் நடு எழுத்து அவருக்கு உறுதியில்லை. பட்டியலில் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். "கேட்டதுதான் கணக்கு. பொட்டியைப் பூட்டினப்புறம் சிட்டையிலே கை வைப்பேளா நீங்க?" என்று என்னைக் கேட்டார். வைக்க மாட்டேன் என்றேன். அந்தத் தொடர்பு அவருக்குக் கழிந்துபோனது, அபராதமும் விழுந்தது. அடுத்த வாரம் கம்பி வாங்க வந்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பேசும் முறையிலும் ஒழுங்கு இருக்கிறது. அலைவரிசையைப் பிடிக்குமுன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். அரிதான நாட்டுக்காரர் ஒருவர் வந்தால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். 'பைல்-அப்' என்பது அதன் பெயர். அதில் முழுக் குறியையும் ஒரே தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக் காதைத் திறக்க வேண்டும். அவர் வேறொருவரைக் கூப்பிட்டால் நாம் பேசக் கூடாது. நம் கல்யாணப் பந்தி வாசலுக்கு இந்த விதியைக் கொண்டுவரலாம்.

பணமும் நிலமும் உள்ளவன் பெரிய கோபுரம் கட்டி ஜெயிக்கிறானே, திறமையை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு விடையாக 1990-இல் சியாட்டிலில் உலக அணிப் போட்டி ஒன்று பிறந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். 2014-இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் நடந்தபோது எல்லா அணிக்கும் ஒரே மாதிரிக் கூடாரம், ஒரே மாதிரி ஆன்டெனா, 100 வாட், பக்கத்திலேயே நடுவர். அணிக்கு இரண்டே பேர். குறியைக்கூட உறையில் போட்டு, தொடங்குவதற்குச் சற்று முன்புதான் கொடுப்பார்கள். இன்னார் என்று தெரிந்து சிநேகிதர்கள் சலுகை காட்டிவிடக் கூடாதல்லவா! நம்பிக்கையில் தொடங்கிய ஆட்டம் உறையும் நடுவரும் என்று ஆகிவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு வருத்தமில்லை. தராசுக்கு முத்திரை போடுவதால் நல்ல கடைக்காரனுக்கு என்ன நஷ்டம்?

இத்தனை வேகமாகக் குறியும் எண்ணும் பிடித்து என்ன பயன் என்று வீட்டுப் பெண்கள் கேட்பது வழக்கம். தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையார், குறி வி.யூ.2 ஆர்.பி.ஐ., 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தின் குழுவோடு போர்ட் பிளேர் போனார். அந்தமானிலிருந்து அமெச்சூர் ஒலி நெடுங்காலம் எழாததால் உலகமே அவர் குரலுக்குக் காத்திருந்தது. அது போட்டி அல்ல. ஆனால் மூன்று வாரம் இரவும் பகலும் பைல்-அப். டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, கடல் ஏறியது. தொலைபேசிகள் அற்றுப்போயின. அம்மையார் அத்தனை பைல்-அப்பையும் நிறுத்திவிட்டு, அதே கருவியில் தீவுச் செய்தியை நாட்டுக்குச் சொல்லத் தொடங்கினார். குழுவினர் சிலர் கார் நிகோபாருக்கும் கருவியோடு போனார்கள். உற்றாரைத் தேடித் தவித்தவர்களுக்கு, இன்னார் இருக்கிறார் என்ற சேதி இந்த வழியாகப் போனது. இரைச்சலுக்கு நடுவே ஒரு பெயரை எழுத்துப் பிசகாமல் கேட்டு எழுதுவது என்ன வேலை என்று அந்த நாட்களில் தெரிந்தது. 'பி'யை 'டி' என்று எழுதினால் அங்கே கழிவது மதிப்பெண் அல்ல.

பிள்ளைகளுக்கு ஆசையிருந்தால் முதலில் கேட்கப் பழக்குங்கள். சாதாரண சிற்றலை ரேடியோவில் இந்தப் பேச்சு வாத்துக் கத்துவது போலத்தான் விழும். ஒற்றைப் பக்க அலையைப் பிரித்துக் கேட்கிற ரிசீவர் வேண்டும். அக்டோபர் கடைசிச் சனி, ஞாயிறு மாலைகளில் 20 மீட்டரில் ஐரோப்பா நன்றாக விழும். கம்பி முப்பத்து மூன்று அடி போதும். வாங்கும்போது இழுத்தால் நீளாத கம்பியாகக் கேளுங்கள்; மிருதுவான கம்பி ஒரே கோடையில் தொங்கிவிடும்.