உச்சவரம்பு உண்டு, சங்கம் இல்லை

அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை வீரரும் கல்லூரி வீரரும் ஆடுவது ஏறத்தாழ ஒரே ஆட்டம். படுகிற அடியும் ஒன்றே. ஆனால் சட்டத்தின் கண்ணில் முன்னவர் தொழிலாளி. பின்னவர் யாரென்று இன்னும் முடிவாகவில்லை. அண்மைக் கால வழக்குகள் கல்லூரி வீரருக்குப் பணம் பெற்றுத் தந்திருக்கின்றன, தொழிலாளி என்ற தகுதியைப் பெற்றுத் தரவில்லை. இந்தக் குறையோடு எழுப்பப்பட்ட புதிய ஊதிய ஏற்பாட்டின் அடித்தளம் பலவீனமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொழில்முறை ஆட்டத்தில் வரலாறு வேறு வழியில் போனது. பேஸ்பாலுக்குக் கிடைத்த ஏகபோகத் தடைச் சட்ட விலக்கு கால்பந்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் ராடோவிச் வழக்கில் தீர்ப்பளித்தது. 1976-இல் மேக்கி வழக்கில், வீரர்கள் அணி மாறுவதை முடக்கிய ரோசெல் விதி வீழ்ந்தது. 1993-இல் வீரர் சங்கத்துடன் தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பான என்.எஃப்.எல். செய்த உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டே ஊதிய உச்சவரம்பு வந்தது. முதலாளிகள் தமக்குள் கூடி ஊதியத்துக்கு எல்லை வகுத்தால் அது சட்டமீறல். அதே எல்லையைச் சங்கத்தோடு பேரம் பேசி வகுத்தால் சட்டம் விலக்களிக்கிறது. பள்ளி முடித்து மூன்றாண்டு ஆகாதவரை அணிகளுக்குள் சேர்க்கக் கூடாது என்ற விதியை எதிர்த்த வீரர் மாரீஸ் கிளாரெட் 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றதற்கும் இந்த விலக்கே காரணம்.

கல்லூரி ஆட்டத்தில் கேள்வி ஊதியத்தில் தொடங்கவில்லை, காயத்தில் தொடங்கியது. டென்வர் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது காயமுற்ற ஒரு மாணவருக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 1953-இல் கூறியது. அவருக்குக் கல்லூரி வளாகத்தில் கிடைத்த வேலை, அவர் கால்பந்து ஆடுவதைச் சார்ந்திருந்தது. நான்கே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது. ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடித் தலையில் அடிபட்டு 1955-இல் இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. கல்லூரி கால்பந்தைத் தொழிலாக நடத்தவில்லையாம். அன்றைய சிறு கல்லூரியைப் பற்றி அப்படிச் சொல்ல இடமிருந்திருக்கலாம். இன்றைய பெரும் பல்கலைக்கழகங்களைப் பற்றி யாரும் மனச்சான்றோடு அப்படிச் சொல்ல முடியாது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 2014-இல் சங்கம் அமைக்க முயன்றனர். அவர்கள் ஊழியர்களே என்றார் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் சிகாகோ மண்டல இயக்குநர். மறு ஆண்டு வாரியமோ அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே அதிகாரம் செலுத்த மறுத்தது. காரணம், எதிரணிகள் பெரும்பாலும் மாநிலப் பல்கலைக்கழகங்கள். அவை வாரியத்தின் வரம்புக்கு வெளியே நிற்பவை.

தொழிலாளர் சட்டத்தின் கதவு இப்படி மூடியதால் வீரர்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டமே வழியாயிற்று. 2021-இல் ஆல்ஸ்டன் வழக்கில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. உச்ச நீதிமன்றத்தில் 9-0 என்று தோற்றது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற, ஹவுஸ் வழக்கின் சமரசம் முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் வழங்குகிறது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றும் அனுமதித்தது. முதலாண்டில் ஒரு கல்லூரிக்கான எல்லை சுமார் 2.05 கோடி டாலர்.

இந்த எல்லையும் ஊதிய உச்சவரம்புதான். ஆனால் அதைப் பேரம் பேசி ஒப்புக்கொண்ட சங்கம் எதுவும் இல்லை, எனவே என்.எஃப்.எல்.லைக் காக்கும் விலக்கு இங்கே பொருந்தாது. சமரசத்துக்கு உட்படாத வருங்கால வீரர் ஒருவர் வழக்குத் தொடுத்தால் கல்லூரிகள் எதைக் காட்டித் தப்பும்? கூட்டுப் பேரம் ஒரு வழி என்று ஆல்ஸ்டன் வழக்கிலேயே நீதிபதி கவனா தனிக் குறிப்பில் சுட்டியிருந்தார். அதை நாடாமல், நாடாளுமன்றம் விலக்களிக்க வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. கேட்டுவருவது வீரரின் குரலை மீண்டும் ஒதுக்கி வைக்கும் முயற்சியே.

தொழிலாளி என்ற தகுதியைப் பொறுத்தவரை, 2024-இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜான்சன் வழக்கில், அமெச்சூர் வீரர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை ஊழியர் அல்லர் என்று தள்ளிவிட முடியாது என்றது. நல்ல திருப்பம். ஆனால் அந்த வழக்கு கூட்டாட்சியின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தைப் பற்றியது. காயத்துக்கான இழப்பீடோ மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. அங்கே வீரர் மாநிலம் மாநிலமாகப் போராட வேண்டியிருக்கிறது.