முகாமிலிருந்து ஒரு கடுதாசி

அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரும்பகுதியில் வடக்குப் படைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். அதுவும் மாதாமாதம் கைக்கு வந்துவிடாது. மூன்று நான்கு மாதம் இழுத்தடிப்பதும் உண்டு. வீட்டுக்குக் கடிதம் போட 3 சென்ட் தபால்தலை வேண்டும். முகாமில் அது கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சட்டைப் பையில் வைத்த தலைகள் வியர்வையிலும் மழையிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். 1861 ஜூலையில் இதற்கு ஒரு வழி பிறந்தது. உறையின் மேல் 'சிப்பாயின் கடிதம்' என்று எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிப் போட்டால் போதும். காசை ஊரில் கடிதத்தை வாங்குகிறவர் கட்டிக்கொள்ளலாம்.

எழுதத் தெரிந்தவர்களின் படைகள் அவை. வடக்கின் வெள்ளைச் சிப்பாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தெற்கில் எண்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இவர்களின் மனத்தை ஆராய வந்த வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மெக்ஃபர்சன் மட்டுமே 25,000-க்கும் அதிகமான கடிதங்களைப் படித்தார். இன்னொரு பெரிய வசதி, சிப்பாய் எழுதியதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. போர்க்கைதிகளின் கடிதங்களுக்குத்தான் அந்தக் கெடுபிடி. ஐம்பது ஆண்டு கழித்து முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்து நம் இந்தியச் சிப்பாய்கள் எழுதியவற்றைத் தணிக்கை அதிகாரிகள் படித்துத்தான் அனுப்பினார்கள். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்தப் பயம் இல்லை. தளபதியைத் திட்டினார்கள், பயந்ததை ஒப்புக்கொண்டார்கள், வயிற்றுப்போக்கைக்கூட விவரமாக எழுதினார்கள்.

இந்தக் கடிதங்களில் உலகறிந்தது ரோட் ஐலண்டு படையின் மேஜர் சல்லிவன் பலூ எழுதியது. 1861 ஜூலை 14 அன்று, வாஷிங்டன் முகாமிலிருந்து மனைவி சாராவுக்கு. ஒரு வாரத்தில் புல் ரன் போர்க்களத்தில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. சில நாளில் இறந்தார். தபாலில் சேர்க்கப்படாத அந்தக் கடிதம் அவருடைய உடைமைகளோடு கிடைத்தது. 1990-ல் வந்த கென் பர்ன்ஸின் ஆவணப்படம் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. அதைப் படித்துக் கலங்காதவர் குறைவு. ஆனாலும் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்களின் கடிதங்களைத் தேடிப் போனால் ஏமாந்துபோவோம். பலூ வழக்கறிஞர், சொல்வன்மை உள்ளவர். குடியானவன் வீட்டுப் பிள்ளை வேறு மாதிரி எழுதினான்.

எந்த நிலத்தில் மக்காச்சோளம் போட்டாய்? பசு கன்று போட்டதா? பன்றியை என்ன விலைக்குக் கேட்கிறார்கள்? இன்னாருக்குத் தரவேண்டிய கடனில் பாதியை இந்தச் சம்பளத்தில் அடைத்துவிடு. காலுறையும் தபால்தலையும் அனுப்பு. வர்ஜீனியாவில் கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒஹையோவில் இருக்கும் பண்ணையைக் கடிதத்திலேயே நடத்தப் பார்த்தார்கள். முதல் வருஷத்தில் இதைச் செய், அதை விற்காதே என்று உத்தரவு போடும் கணவன், இரண்டு மூன்று வருஷத்தில் 'உனக்குச் சரியென்று படுவதைச் செய்' என்கிற இடத்துக்கு வந்து சேர்வதைப் பல வீட்டுக் கடிதக் கட்டுகளில் பார்க்கலாம். நிலத்தில் நிற்பவள் அவள்தானே. எனக்குப் போர்க்கள வர்ணனைகளைவிட இந்த மாற்றம்தான் பெரிய செய்தியாகப் படுகிறது.

அவள் என்ன பதில் எழுதினாள் என்பது பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த கடிதம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. முகாமுக்குப் போன கடிதம் முதுகுப் பையில் நனைந்தது, அணிவகுப்பில் தொலைந்தது. செத்துப்போனால் அந்நியர் கையில் சிக்கக் கூடாதென்று போருக்கு முந்தின இரவு நெருப்பில் போட்டவர்களும் உண்டு. ஒருவர் தொலைபேசியில் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல, பாதிப் பேச்சைத்தான் இன்று படிக்கிறோம்.

தெற்கில் காகிதமே இல்லை. வந்த உறையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மறுபடி ஒட்டி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதமும் உறையாயிற்று. எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, வரிகளுக்கு மேலேயே மறுபடி எழுதினார்கள். 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் வீழ்ந்து மிசிசிப்பி ஆறு முழுவதும் வடக்கின் கைக்குப் போனது. அதன் பிறகு ஆற்றைக் கள்ளத்தனமாகக் கடந்து தபால் கொண்டுபோக 40 சென்ட் கட்டணம் வைத்தது தெற்கு அரசு. வழக்கமான கட்டணம் 10 சென்ட்.

யாரும் பிரித்துப் படிக்காத தபாலை நம்பி வாழ்ந்தவர்களில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் 153-வது படைப்பிரிவில் லயன்ஸ் வேக்மேன் என்றொரு சிப்பாய். உண்மையில் அவர் சாரா ரொசெட்டா வேக்மேன் என்ற பெண். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர்; அப்பாவுக்குக் கடன். ஆண் உடையில் வீட்டைவிட்டுப் போய், கால்வாய்ப் படகில் வேலை பார்த்து, 1862 ஆகஸ்டில் படையில் சேர்ந்தார். சேர்ந்ததற்குக் கிடைத்த ஊக்கத்தொகை 152 டாலர். பணம் வீட்டுக்குப் போனது, கூடவே கடிதமும். பல கடிதங்களில் ரொசெட்டா என்றே கையெழுத்துப் போட்டார். ஒன்று பிரிக்கப்பட்டிருந்தாலும் சாயம் வெளுத்திருக்கும். 1864 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனையில் வயிற்றுப்போக்கில் இறந்தபோது வயது 21. கல்லறைக் கல்லில் லயன்ஸ் என்றுதான் இருக்கிறது. அவர் யார் என்பது பரணில் கிடந்த கடிதங்களால் தெரிந்தது. அவை 1994-ல் புத்தகமாக வந்தன.

தபாலை நம்ப முடியாத தகப்பனும் இருந்தார். ஸ்பாட்ஸ்வுட் ரைஸ், மிசூரியில் அடிமையாக இருந்தவர். 1864-ல் தப்பிப்போய் வடக்கின் கறுப்பினப் படையில் சேர்ந்தார். மகள்கள் கிளாஸ்கோ என்ற ஊரில் அடிமைகளாகவே இருந்தார்கள். மிசூரி வடக்கோடு நின்ற மாநிலம் என்பதால் லிங்கன் தெற்கின் மாநிலங்களுக்கு மட்டும் பிறப்பித்த விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லாது. அந்தச் செப்டம்பரில், செயின்ட் லூயிஸ் ராணுவ மருத்துவமனையிலிருந்து ரைஸ் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று மகள்களுக்கு: 800 வெள்ளைச் சிப்பாய்களும் 800 கறுப்புச் சிப்பாய்களும் ஆற்றுவழியே வரப்போகிறார்கள், நானும் வருகிறேன், கலங்காதீர்கள். இன்னொன்று மகள் மேரியை வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்ற எஜமானிக்கு: மேரி என் குழந்தை, ஆண்டவன் எனக்குத் தந்த உரிமை, அவளை நீ எவ்வளவு காலம் பிடித்துவைக்கிறாயோ அவ்வளவுக்கு உனக்குக் கேடு.

அந்த ஊர்த் தபால் அதிகாரி, எஜமானியின் சகோதரர். அவர் இரண்டு கடிதங்களையும் தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பி, இந்த ஆளை மாநிலத்திலேயே வைக்கக் கூடாது என்று புகார் எழுதினார். அந்தப் புகாரோடு சேர்ந்து ராணுவக் கோப்புக்குள் போனதால்தான் அவை இன்றும் இருக்கின்றன. 1865 ஜனவரி 11 அன்று மிசூரி அடிமைமுறையை ஒழித்தது. ரைஸ் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. அவர் பின்னாளில் திருச்சபைப் போதகரானார். 1937-ல், முன்னாள் அடிமைகளின் நினைவுகளைப் பதிவு செய்ய அரசு அனுப்பிய ஆட்களிடம், மேரி தன் 85-வது வயதில் அப்பா தப்பிப்போய்ப் படையில் சேர்ந்த கதையைச் சொன்னார்.

(தொடரும்)