காற்றின் காலமும் கடிகாரக் காலமும்: சோழமண்டலக் கடற்கரையில் பாய்மரச் சிறுகலங்களின் பயண வேளை

ஆய்வுச் சுருக்கம்

பாய் விரித்துச் செல்லும் சிறுகலத்திற்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, புறப்படுவதற்கு உரிய வேளை. மற்றொன்று, கரை திரும்பும் வரை நிலைக்கும் நல்ல காற்று. சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமர ஓட்டிகள் இவ்விரண்டையும் எவ்வாறு ஒன்றாகக் கருதினர் என்பதையும், அந்த ஒருமை 19, 20ஆம் நூற்றாண்டுகளில் எவ்வாறு பிரிந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. காற்றைக் குறித்த அறிவு எவ்வளவு தொலைவு செல்லுமோ அவ்வளவு தொலைவிற்குள் பயணத்தை அடக்கிக்கொண்டமையே பாய்மர மரபின் முதன்மையான பாதுகாப்பாக இருந்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கட்டுமரம், நிலக்காற்று, கடற்காற்று, வாடை, கச்சான், புயல் கூண்டு, மீன்பிடித் தடைக்காலம், ஒக்கிப் புயல்.

முன்னுரை

தமிழரின் கடல் வரலாறு பெரும்பாலும் பெருங்கலங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றின் தொழிலை ஆண்டு நாவாய் செலுத்திய செய்தியை வெண்ணிக்குயத்தியாரின் புறநானூற்றுப் பாடல் (66) தருகிறது. இரவு பகல் ஓயாது காற்றால் உந்தப்பட்டுச் செல்லும் கலத்தையும், மாடத்து விளக்கொளியைக் கண்டு அதனைச் செலுத்தும் நீகானையும் அகநானூற்றின் 255ஆம் பாடல் காட்டுகிறது. இவ்விரு பாடல்களும் ஆய்வாளர்களால் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டவை.

சிறுகலங்கள் இந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடல் பெரிபுளூசு’, கிழக்குக் கரைத் துறைகளில் தனிமரங்களை இணைத்துக் கட்டிய ‘சங்காரா’ என்னும் கலங்களைக் குறிப்பிடுகிறது. 1920இல் வெளிவந்த தமது ஆய்வில் ஜேம்சு ஆர்னல் இந்தியப் படகு வகைகளை விரிவாகப் பதிவு செய்தார். இவை கலத்தின் அமைப்பைப் பற்றியவை. அக்கலத்தைக் கடலில் இறக்குவதா, வேண்டாவா என ஓட்டி எவ்வாறு முடிவு செய்தான் என்னும் வினா தனியே ஆராயத்தக்கது. பெருங்கலம் இரவும் பகலும் ஓடியது, சிறுகலம் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பின் இயல்பை அறிவது இக்கட்டுரையின் நோக்கம்.

கலமும் கரையும்

பழவேற்காடு முதல் கோடியக்கரை வரையிலான கரை பெரும்பாலும் நேரான மணற்கரை. இயற்கைத் துறைமுகம் இல்லை. கரையை ஒட்டி வரிசையாக எழுந்து உடையும் அலைகளைக் கடந்தே கடலுக்குள் செல்ல வேண்டும். இத்தகைய கரைக்கு ஏற்ற கலம் கட்டுமரம். மென்மரத் துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிய அதற்கு உட்குழிவு இல்லை. ஆதலின் அலை ஏறினாலும் நீர் தங்காது. முக்கோணப் பாயும், கழற்றி எடுக்கக்கூடிய பாய்மரமும் கொண்டது. காற்று வலுக்குறைந்தால் பாய்மீது கடல்நீரை இறைத்துத் துணியின் நெசவு இடைவெளியை அடைப்பர். காற்று மிகுந்தால் பாயையும் மரத்தையும் இறக்கிவிட்டுத் துடுப்பை எடுப்பர்.

கட்டுமரத்தின் ஓர் இயல்பு காலக்கணிப்போடு நேரடித் தொடர்பு உடையது. மரம் நீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச மிதப்பு குறையும். ஆகவே கரை சேர்ந்ததும் மணல்மீது ஏற்றி, கட்டவிழ்த்து, உலரவிடுவது வழக்கம். கலமே நாள்தோறும் கரையில் ஓய்வு கொள்ள வேண்டியிருந்தது. ஓட்டியின் விருப்பம் எதுவாயினும், கட்டுமரத்தின் பயணம் ஒரு நாளைத் தாண்டுவது அரிதாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நாளின் காற்று

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. இரவில் விரைவாகக் குளிர்கிறது. இதனால் பகலில் கடலிலிருந்து நிலம் நோக்கியும், பின்னிரவில் நிலத்திலிருந்து கடல் நோக்கியும் காற்று வீசுகிறது. வானிலையியல் கடற்காற்று, நிலக்காற்று என வகுக்கும் இந்த இணையே கட்டுமர ஓட்டியின் கடிகாரமாக இருந்தது. விடியலுக்கு முன் நிலக்காற்றில் பாய் விரித்தால் கடலுக்குள் செல்லலாம். நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் அதே பாயைக் கொண்டு கரை சேரலாம். துடுப்பு வலித்துச் செல்லும் உழைப்பைக் காற்றே ஏற்றுக்கொண்டது.

இங்கு ‘நேரம்’, ‘வானிலை’ என்னும் இரு சொற்களைப் பிரித்துப் பொருள்கொள்ள இயலாது. நிலக்காற்று தொடங்குவதே புறப்படும் வேளை. அது தொடங்காவிடில், வானம் தெளிந்திருந்தாலும் அன்று வேளை வரவில்லை என்பதே பொருள். கடற்காற்று எழும் நேரம் பருவத்திற்குப் பருவம் மாறுவது. சென்னைக் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்திருப்பதால் கடற்காற்று பிற்பகலில் தாமதமாகவே எழும். சில நாட்களில் எழாமலும் போகும். அத்தகைய நாளில் கரையை விட்டு மிக விலகிச் சென்ற கலம், எதிர்க்காற்றில் துடுப்பு வலித்தே திரும்ப வேண்டும். ஆகவே புறப்படும்போதே திரும்பும் காற்றையும் கணக்கிட வேண்டியிருந்தது. எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை மீன் கிடைக்கும் இடம் மட்டும் முடிவு செய்யவில்லை. மாலைக் காற்றின் மீதான நம்பிக்கையும் முடிவு செய்தது.

ஆண்டின் காற்று

காற்றுக்குத் தமிழில் திசைவழிப் பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என்பது இலக்கிய வழக்கு. கடற்கரை வழக்கில் மேற்குக்காற்று கச்சான் எனப்படும். யாழ்ப்பாணக் கரையில் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்பர். உழவருக்கு இப்பெயர்கள் மழையையும் வெயிலையும் குறித்தன. கடலோடிக்கு அவை கடலில் இறங்கத்தக்க நாட்களையும் தகாத நாட்களையும் குறித்தன.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கரை நோக்கி வீசுகிறது. அலை உயர்கிறது, புறப்படத் துணைசெய்யும் நிலக்காற்று வலுவிழக்கிறது. வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலமும் இதுவே. நீரோட்டமும் திசை மாறுகிறது: ஆண்டின் முற்பகுதியில் கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஓடும் நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடுகிறது. காற்றும் நீரோட்டமும் ஒன்றுக்கொன்று எதிராக அமையும் நாட்களில் பாயை மட்டும் நம்பிச் செல்ல இயலாது.

காத்திருப்பதைத் தவிர வேறு வழியும் சில இடங்களில் இருந்தது. இராமேசுவரம் தீவு இதற்குச் சிறந்த சான்று. தீவின் வடபுறம் பாக் விரிகுடா. தென்புறம் மன்னார் வளைகுடா. மீனவர் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது தீவின் மறைவில் வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் நிலைமை தலைகீழாகும். ஆகவே காற்று மாறும்போது படகுகளைப் பாம்பன் கால்வாய் வழியே ஒரு கடலிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லும் வழக்கம் ஏற்பட்டது. நல்ல வானிலை வரும் நாளுக்குக் காத்திராமல், நல்ல வானிலை நிலவும் இடத்திற்குச் செல்லும் உத்தி இது.

இம்மரபை இன்பமயமானதாக மட்டும் காண்பது பிழையாகும். காத்திருக்கும் நாள் கூலியற்ற நாள். பருவக்காற்றுக் காலத்தில் வாங்கிய கடனைப் பின்னர் மீனாகவே வணிகருக்குத் திருப்பிச் செலுத்தும் நிலை மீனவக் குடும்பங்களை நெடுங்காலம் பிணைத்திருந்தது. வானிலை தவறெனத் தெரிந்தும் கடலில் இறங்கியோர் அறியாமையால் மட்டும் இறங்கினர் எனக் கூற இயலாது. பசியும் கடனும் அம்முடிவில் பங்கு கொண்டன.

துறைமுகத்தின் நாட்காட்டி

ஐரோப்பியக் குழுமங்களின் கப்பல்கள் இக்கரையில் வேறொரு காலக்கணிப்பை உருவாக்கின. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய இலபூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படை, அடுத்த மாதமே புயலில் சிக்கிச் சிதைந்தது. 1761 சனவரி முதல் நாள் வீசிய புயல், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் சிலவற்றை அழித்தது. இத்தகைய இழப்புகளின் விளைவாக, அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்பதைப் பெருங்கப்பல்கள் தவிர்ப்பது நடைமுறையாயிற்று.

நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் கொண்டுசென்றவை, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அலை மிகுந்து அவை செல்ல இயலாத நாட்களில் கரையில் அடையாளக் கொடி ஏற்றப்பட்டது. அந்நாட்களிலும் கட்டுமரங்கள் அலையைக் கடந்து கப்பல்களுக்குக் கடிதங்களைக் கொண்டுசென்றதைப் பயணிகள் பலர் வியந்து எழுதியுள்ளனர். ஒரே கரையில், ஒரே நாளில், ஒரே வானிலை மூன்று வகைக் கலங்களுக்கு மூன்று வேறு பொருள் தந்தது என்பது இதனால் புலனாகிறது. ‘மோசமான வானிலை’ என்பது காற்றின் பண்பு மட்டும் அன்று. கலத்திற்கும் காற்றிற்கும் இடையிலான உறவு.

1792இல் சென்னையில் குழுமத்தின் வானாய்வகம் அமைந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. அதே ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1881 நவம்பர்ப் புயலில் பெரும் சேதமுற்றன. துறைமுகங்களில் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை ஏற்றும் முறை பின்னர் நிலைபெற்றது. அறிவியல் வழி உருவான இம்முன்னறிவிப்பு உயிர்களைக் காத்தது. எனினும் அது துறைமுகத்தை நடுவாகக் கொண்டது. கூண்டு துறைமுகத்தில் நிற்போருக்கே தெரியும். துறைமுகமற்ற சிற்றூர்க் கரையில் இருந்து பின்னிரவில் புறப்படுபவன், முன்போலவே வானத்தையும் அலையின் ஓசையையும் நம்பினான்.

இயந்திரமும் கடிகாரமும்

கேரளத்தில் 1953இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தைத் தொடர்ந்து, விசைப்படகுகள் தென்னிந்தியக் கரைகளில் பரவின. ஏற்றுமதிக்கான இறால் வணிகம் அப்பரவலை விரைவுபடுத்தியது. 1980களிலிருந்து சிறுகலங்களிலும் வெளிப்பொருத்து இயந்திரங்கள் இடம்பெற்றன. கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகள் இம்மாற்றத்தை ஏறத்தாழ முழுமையாக்கின.

பாயை இழந்த கலம் நிலக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேளையைக் காற்று நிருணயித்த நிலை மாறி, சட்டம் நிருணயிக்கும் நிலை உருவாயிற்று. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், விசைப்படகுகள் காலை 5 மணிக்கு முன் புறப்படாமலும் இரவு 9 மணிக்குள் திரும்பியும் இருக்க வேண்டும். பாக் விரிகுடாவில் வாரத்தின் 3 நாட்கள் விசைப்படகுகளுக்கும் 4 நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் எனப் பகிரப்பட்டன. 2001இல் நடைமுறைக்கு வந்த 45 நாள் தடைக்காலம், 2017இல் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது.

இத்தடைக்காலத்தின் நோக்கம் மீன்வளப் பாதுகாப்பு. முன்பு ஓய்வை விதித்தது காற்று. அதன் பயனை மீன்களும் பெற்றன. இயந்திரம் அந்த ஓய்வை நீக்கியபின், கடலுக்குரிய ஓய்வை அரசாணையால் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பாய்மரக் கலம் தன் இயலாமையாலேயே காத்த ஒழுங்கை, இயந்திரக் கலத்திற்கு வெளியிலிருந்து விதிக்க நேர்ந்தது எனலாம்.

ஒக்கிப் புயல் உணர்த்துவது

கட்டுமரம் சோழமண்டலக் கரைக்கு மட்டும் உரியதன்று. குமரிக் கரையிலும் அதுவே முதன்மைக் கலமாக இருந்தது. அக்கரையின் மீனவர், இயந்திரப் படகுகளில் நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்வோராக வளர்ந்தனர். 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடற்பகுதியில் ஒக்கிப் புயல் விரைவாக வலுப்பெற்றது. அது புயலாக அறிவிக்கப்பட்ட நவம்பர் 30 அன்று பலர் ஏற்கெனவே கடலில் இருந்தனர். கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழி இருக்கவில்லை. தமிழகம், கேரளம் ஆகிய மாநிலங்களின் மீனவர் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர்.

இதனை மரபறிவு அழிந்ததன் விளைவாக மட்டும் விளக்குவது போதாது. மாலை வானத்தையும் விடியல் காற்றையும் பார்த்துப் பெறும் அறிவு ஏறத்தாழ ஒரு நாளுக்குச் செல்லும். கட்டுமரத்தின் பயணமும் ஒரு நாளே. அறிவின் எல்லையும் பயணத்தின் எல்லையும் பொருந்தியிருந்தன. இயந்திரம் பயணத்தைப் பத்து, இருபது நாட்களாக நீட்டியது. புறப்படும் நாளில் பெறும் எந்த அறிவும், மரபறிவாயினும் அறிவியல் முன்னறிவிப்பாயினும், அவ்வளவு நாட்களுக்குச் செல்லாது. ஆகவே முன்னறிவிப்பு கலத்தைப் பின்தொடர்ந்து நடுக்கடல் வரை செல்ல வேண்டியதாயிற்று. அதற்கான தகவல்தொடர்பு உரிய அளவில் அமையாத இடைவெளியில் ஒக்கி நிகழ்ந்தது.

முடிவுரை

சோழமண்டலக் கரையின் பாய்மரச் சிறுகலங்களில் நேரமும் வானிலையும் ஒரே பொருளாக இருந்தன. கலத்தின் அமைப்பு, நாளின் இருவகைக் காற்று, ஆண்டின் பருவங்கள் ஆகியவை சேர்ந்து பயணத்தை ஒரு நாளுக்குள் அடக்கின. அம்மரபில் கடலில் இறங்காத நாளும் கடலோட்டத்தின் ஒரு பகுதியே. அந்நாளின் விலையைப் பசியாலும் கடனாலும் செலுத்தியவர் மீனவர் என்பதும் மறக்கத்தக்கதன்று. இயந்திரம் அவ்விலையைக் குறைத்தது. அதே வேளையில் ஓட்டி தானே காணக்கூடிய எல்லைக்கு அப்பால் கலத்தைக் கொண்டுசென்றது. பாய்க்குத் திரும்புதல் இன்று தீர்வாகாது. நீண்ட பயணம் செல்லும் ஒவ்வொரு கலத்திற்கும் அப்பயணம் முடியும் வரை வானிலைச் செய்தி தடையின்றிச் சென்றடைய வேண்டும். கடலில் இறங்காத நாளுக்குரிய இழப்பீடும் உறுதிசெய்யப்பட வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தமைந்தால்தான், காற்று சரியில்லை என அறிந்தவன் கரையில் இருக்க இயலும்.