தட்டைத்திரையும் கூரை அலைவாங்கியும்: சிங்கப்பூர், மலேசியத் தமிழ் ஒளிபரப்பு வரலாற்றில் விடுபட்ட ஒரு பகுதி

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ்த் தொலைக்காட்சி பெற்ற வளர்ச்சி குறித்து எழுதப்பட்டவற்றுள் நாம் கண்டவை பெரும்பாலும் நிலையத்தின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. எந்த ஆண்டில் எந்த அலைவரிசை தொடங்கியது, தமிழுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது, யார் தயாரித்தார், யார் நடித்தார் என்னும் செய்திகளே அவற்றுள் மிகுதி. அனுப்பப்பட்ட அலை தமிழர் இல்லத்தை வந்தடைந்ததா, வந்தடைந்தது எனில் எந்நிலையில் வந்தது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவைக் கூரையிலிருந்து தொடங்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு வழிவகுத்தது மிக எளிய ஓர் அனுபவம். ஓர் இல்லத்தார் பழைய குழாய்ப் பெட்டியை அகற்றிவிட்டுத் தட்டைத்திரைத் தொலைக்காட்சி வாங்குகின்றனர். கூரையில் அதே அலைவாங்கி. சுவரில் அதே கம்பி. எனினும், நேற்றுவரை தெரிந்த உள்ளூர் அலைவரிசை மங்குகிறது அல்லது அறவே மறைகிறது. பெட்டி விற்றவர் ஏரியலைக் குறை கூறுகிறார். ஏரியல் பொருத்தியவர் பெட்டியைக் குறை கூறுகிறார். எம் இல்லத்திலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. அப்போது இருவருள் ஒருவர் பொய்யுரைப்பதாகவே எண்ணினோம். இருவர் கூற்றிலும் உண்மை இருந்ததைப் பின்னரே உணர்ந்தோம்.

அலைவாங்கியின் வடிவத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் தொலைக்காட்சி முன்னோட்ட ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். முறையான ஒளிபரப்பு ஏப்ரல் 2ஆம் நாள் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் முழுமை பெற்ற எட்டாம் ஒளிவழி சீனத்திற்கும் தமிழுக்கும் உரியதாயிற்று. மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தார். இரண்டாம் அலைவரிசை 1969ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் வந்தது. சிங்கப்பூர் ஒளிவழிகளின் பெயரிலுள்ள 5, 8 என்னும் எண்கள் வெறும் வரிசை எண்கள் அல்ல. அவை மீயுயர் அதிர்வெண் பட்டையில் அவ்வொளிவழிகளுக்கு உரிய இடங்களின் எண்களே. ஐந்தாம் இடம் 174 மெகாஹெர்ட்சில் தொடங்குகிறது. எட்டாம் இடம் 195இல் தொடங்குகிறது. இத்தகைய அலையை வாங்கும் கம்பி அலைநீளத்தின் பாதியளவு இருத்தல் வேண்டும். அது ஒன்றரை முழத்திற்கும் மேற்பட்ட நீளம். தோட்டத்து லயன் வீடுகளின் தகரக் கூரைகளிலும் கம்பத்து வீடுகளின் மூங்கிற் கழிகளிலும் நீண்ட கம்பிகள் நின்றதன் காரணம் இதுவே. பின்னர்த் தோன்றிய தனியார் அலைவரிசைகளுள் பல அதற்கும் மேற்பட்ட பட்டையைப் பயன்படுத்தியமையால், குட்டைக் கம்பிகள் கொண்ட மற்றோர் ஏரியலும் அதே கழியில் ஏறியது. ஆகவே, ஒரு வீட்டின் கூரையைக் கண்ட அளவிலேயே அவ்வீட்டார் எவற்றைப் பார்க்க விரும்பினர் என்பதை ஓரளவு கூறிவிடலாம்.

இதற்கு ஜொகூர் பாரு தக்க சான்றாகும். அந்நகரின் வடமேற்கே புலாய் மலையில் மலேசிய ஒளிபரப்புக் கோபுரம் உள்ளது. தெற்கே நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் மற்றொரு கோபுரம் உள்ளது. இரு திசை நோக்கிய இரு ஏரியல்கள் ஒரே கழியில் நிற்பது அந்நகரின் வழக்கமான காட்சி. ஒரு நாட்டின் நிலையம் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தபின் மற்ற நாட்டின் நிலையத்திற்கு மாறும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. சிங்கப்பூரின் வடபகுதியில் வாழ்ந்தோர்க்கும் இவ்வாய்ப்பு மறுதலையாகக் கிட்டியது. நிலைய ஆவணங்கள் தரும் தமிழ் நேரக் கணக்கை மட்டும் கொண்டு இம்மக்களின் தமிழ்க் கேள்வியை அளந்தால் பிழையான முடிவுக்கே வருவோம்.

அனலாக் ஒளிபரப்பின் இயல்பு ஒன்றையும் இங்குக் குறித்தல் வேண்டும். அலை நலிந்தால் படம் படிப்படியாகவே நலியும். புள்ளிமழை பெய்யும், நிழலுருவம் இரட்டிக்கும், எனினும் ஒலி பெரும்பாலும் நிலைக்கும். தமிழ்த் திரைப்படத்தைப் பாதி பார்த்தும் மீதி கேட்டும் முடித்த தலைமுறை ஒன்று நம்மிடையே இன்றும் உண்டு. 21 அங்குலக் குழாய்ப் பெட்டி அக்குறைகளை இயல்பாகவே மறைத்தது. தட்டைத்திரையோ 625 வரி ஒளிபரப்பைத் தன் நிலையான புள்ளிக் கட்டத்திற்கு ஏற்ப விரித்துக் காட்டும்போது இரைச்சலையும் உடன் விரித்தது. பெரிய திரை வாங்கியவர் படம் கெட்டுவிட்டதாகக் கருதினார். படம் முன்னரே அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது சிக்கல் காலக் கணக்கைச் சார்ந்தது. தமிழ் ஒளிபரப்பு வரலாற்றில் இதுவே மிகவும் நோக்கத்தக்கது என்பது எம் கருத்து. சிங்கப்பூரில் தமிழ், எட்டாம் ஒளிவழியிலிருந்து பிறிதோர் ஒளிவழிக்குப் பெயர்ந்து, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் வசந்தம் சென்ட்ரல் என்னும் பகுதிநேர இடத்தைப் பெற்றது. தனக்கென ஒரு முழு ஒளிவழியைத் தமிழ் பெற்றது 2008ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், வசந்தம் தொடங்கியபோதுதான். இல்லங்களில் தட்டைத்திரை நுழைந்துகொண்டிருந்த காலமும் அதுவே. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஐந்தாம் ஒளிவழியின் உயர்தெளிவு வடிவம் மின்னிலக்க முறையில் ஒளியேறத் தொடங்கியிருந்தது. அது முதல் தலைமுறைத் தரமான டிவிபி-டி வழி வந்தது. அத்தரத்திற்குரிய அலைதேர்வி பொருத்திய தட்டைத்திரையை வாங்கியவர் ஆங்கிலத்தைத் தெள்ளத் தெளிவாகவும் தமிழைப் பழைய அனலாக் இரைச்சலோடும் கண்டார். வசந்தம் உள்ளிட்ட ஏழு ஒளிவழிகளும் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 16 முதல் மின்னிலக்கத்தில் வந்தன. ஆயின், அவை வந்தது இரண்டாம் தலைமுறைத் தரமாகிய டிவிபி-டி2 வழி. முந்தைய தேர்வியால் அதனைப் படிக்க இயலாது. பெட்டியின் மீது மின்னிலக்கம் என்று அச்சிட்டிருந்ததை நம்பியவர் மீண்டும் செட் டாப் பாக்ஸ் ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. இதனைத் திட்டமிட்ட புறக்கணிப்பு எனக் கூறுதற்குச் சான்றில்லை. எனினும், புதிய நுட்பம் ஆங்கிலத்திடம் முதலிலும் தமிழிடம் பின்னரும் வந்த வரிசை பதிவு செய்யப்பட வேண்டியதே.

அனலாக் ஒளிபரப்பை 2017ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்த எண்ணிய சிங்கப்பூர் அதனை ஓராண்டு தள்ளிவைத்து, 2019 ஜனவரித் தொடக்கத்தில் நிறுத்தியது. கட்டணத் தொலைக்காட்சி பெறாத வீடமைப்பு வளர்ச்சிக் கழக இல்லங்களுக்கு 100 வெள்ளிப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. அடுக்குமாடி வாழ்வில் கூரை குடியிருப்பாளர்க்கு உரியதன்று. சுவரிலுள்ள துளையில் கம்பியைச் செருகியே அவர்கள் பழகியவர்கள். அவர்களுள் பலர், தீவில் தொலைக்காட்சி தோன்றி அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், சிறு அலைவாங்கியைக் கையிலேந்திச் சன்னலோரம் இடம் தேடினர். மின்னிலக்கத்தில் படிப்படியான நலிவு இல்லை. அலை ஓர் அளவுக்குமேல் இருந்தால் படம் முழுமையாகத் தெரியும். அதற்குக் கீழே சென்றால் கட்டம் கட்டமாய் உடைந்து உறையும், பின்னர் எதுவுமே இராது. பாதி பார்த்து மீதி கேட்கும் வழி அத்துடன் அடைபட்டது.

மலேசியாவில் இம்மாற்றம் 2019ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் லங்காவியில் தொடங்கி அக்டோபர் 31ஆம் நாள் நாடு முழுவதும் நிறைவெய்தியது. அங்குத் தமிழ் இல்லங்களின் நிலை வேறு. 1996இல் ஆஸ்ட்ரோவின் வானவில் வந்தபின் வட்டத் தட்டு கூரையேறியது. பழைய ஏரியல் அதனருகே துருப்பிடித்தது. மாதக் கட்டணம் செலுத்த இயலாதோரும், இரண்டாம் அலைவரிசையின் தமிழ்ச் செய்தியையும் திரைப்படத்தையும் விடாது பார்த்த முதியோருமே பழைய கம்பியை நம்பியிருந்தனர் எனக் கருதலாம். அரசின் உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்கு இலவசப் பெட்டி கிடைத்தது உண்மை. ஆயினும், பெட்டி மட்டும் போதுமானதாக இல்லை. மின்னிலக்க ஒளிபரப்பு முழுவதும் மேற்பட்டைக்குச் சென்றுவிட்டது. அதற்கு ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரையிலான கம்பிகளே பொருந்தும். ஒன்றரை முழக் கம்பிகளை மட்டுமே கொண்டிருந்த பழைய ஏரியல் நலிந்த அலையையே தந்தது. நலிந்த அலையை மின்னிலக்கம் பொறுப்பதில்லை. இந்நுணுக்கத்தைத் தமிழில் எடுத்துரைக்க ஆளில்லாத வீடுகளில் புதிய பெட்டி பழுதென்றே ஒதுக்கப்பட்டிருக்கக் கூடும்.

இவற்றையெல்லாம் உறுதிப்படுத்த நிலையக் கோப்புகள் உதவா. பழைய குடும்ப ஒளிப்படங்களின் பின்புலத்தில் தெரியும் கூரைகளும், ஏரியல் பொருத்தும் தொழில் செய்தோரின் நினைவுகளுமே மூலங்களாக அமையும். அத்தொழிலாளர்கள் முதுமை எய்திவிட்டனர். வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் நடிகரையும் செய்தி வாசிப்பாளரையும் தேடிச் செல்லும் நாம் இவர்களிடமும் செல்ல வேண்டியவர்களாக உள்ளோம். இரு நாடுகளும் டிவிபி-டி2 தரத்தையே ஏற்றமையால், ஜொகூர் பாருவின் சில இடங்களில் தெற்கு நோக்கித் திருப்பிய குட்டைக் கம்பி ஏரியலுக்கு வசந்தம் மின்னிலக்கத்திலும் கிட்டுவதுண்டு. அதனைத் திருப்பி வைத்தவர் யார், எப்போது, எந்த நிகழ்ச்சிக்காக என்பதை முதலில் கேட்கலாம்.